கோடை நாவல்: ஒரே பிரதியைச் சுற்றுக்கு விடுவதா, ஆளுக்கொன்று வைத்துக்கொள்வதா?

விடுமுறையில் ஒரே மூச்சில் படித்து முடித்த ஓர் இலகுவான நாவலைப் புத்தகப் பிரியர்களான நண்பர்களும் படிக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. எப்படிப் படிக்க வைப்பது என்பதில்தான் சிக்கல் எழுகிறது. கையிலுள்ள பிரதியை ஒருவர் பின் ஒருவராகக் கொடுத்து அனுப்பலாம். எல்லோரும் ஆளுக்கொரு பிரதியை வைத்துக்கொண்டு ஒரே சமயத்தில் படிக்கலாம். மின்னூலாகவோ ஒலிநூலாகவோ பகிரலாம். ஓரிடத்தில் கூடி உரக்க வாசிக்கலாம். கனமான நாவலாக இருந்தால் இவற்றுள் எதைத் தேர்ந்தாலும் பெரிய நட்டம் ஏற்படாது, ஏனென்றால் அத்தகைய நாவல் படித்து ஆறு மாதம் ஆனபிறகும் பேசுவதற்கு இடம் தரும். கோடை நாவலுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

இலகுவான நாவல் என்று சொல்லும்போது தரக்குறைவான நாவலை நான் குறிப்பிடவில்லை. சிறு அத்தியாயங்கள், உரையாடலே கதையை நகர்த்தும் நடை, நினைவில் அடங்கும் அளவுக்குப் பாத்திரங்கள், காதலோ குடும்பச் சிக்கலோ சின்னதொரு மர்மமோ முடிச்சாக விழுந்து கடைசிப் பக்கங்களில் அவிழ்வது ஆகியவை இந்த வகையின் இலக்கணம். இதைப் படிப்பவர் இடையில் நிறுத்த விரும்புவதில்லை; முடித்தவுடன் யாரிடமாவது பேசிவிட வேண்டும் என்ற ஆசையும் சூடாக இருக்கும்; ஆனால் ஒரு மாதம் போனால் துணைப் பாத்திரங்களின் பெயர்கள்கூட மங்கிவிடும். ஆகவே எந்த வழியை எடைபோட்டாலும், முதலில் படித்தவருக்கும் கடைசியாகப் படித்தவருக்கும் நடுவே எத்தனை நாள் இடைவெளி விழுகிறது என்பதையே நான் முதல் அளவுகோலாக வைக்கிறேன். செலவும் வசதியும் புத்தகத்தின் மேலுள்ள பாசமும் அதற்குப் பின்னரே வருகின்றன.

இந்த இடைவெளியை ஓரளவு கணக்கிட்டும் பார்க்கலாம். பெல்ஜிய உளவியலாளர் மார்க் பிரைஸ்பார்ட் 2019-இல் வெளியிட்ட ஒரு தொகுப்பாய்வின்படி, ஆங்கிலத்தில் புனைகதையை மௌனமாகப் படிக்கும் வயதுவந்தவர் நிமிடத்திற்குச் சராசரியாக 260 சொற்களைக் கடக்கிறார். உரக்க வாசிக்கும்போது அது 183 சொற்களாகக் குறைகிறது. 80,000 சொற்கள் கொண்ட ஒரு நாவலை இந்த வேகத்தில் மௌனமாக முடிக்க ஐந்து மணி நேரத்திற்குச் சற்று மேலும், உரக்க வாசிக்க ஏழே கால் மணி நேரமும் ஆகும். நீண்ட சொற்களைக் கொண்ட தமிழுக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தாது என்றாலும், இரண்டு வேகங்களுக்கும் இடையிலுள்ள விகிதம் நமக்குப் பயன்படும். ஐந்து மணி நேரம் என்பது ஒரு வார இறுதிக்குள் அடங்கிவிடும் வேலை. இருந்தும் இரவல் போன புத்தகம் ஒருவரிடம் சராசரியாக ஒரு வாரமாவது தங்குகிறது. புத்தகம் மேசைமீது காத்திருக்கும் நேரமும், கைமாறுவதற்கு இருவருக்கும் ஒத்துவரும் நாளைத் தேடும் நேரமும் படிக்கும் நேரத்தைவிட எப்போதும் அதிகம்.

ஒரே பிரதியைச் சுற்றுக்கு விடும் முறையின் பலவீனம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. ஆறு பேர், ஆளுக்கு ஒரு வாரம் என்று வைத்தால், கடைசி ஆள் கடைசிப் பக்கத்தைத் தொடும்போது முதல் ஆள் படித்து ஐந்து வாரம் கடந்திருக்கும். இடையில் ஒருவர் ஊருக்குப் போனாலோ இன்னொருவர் வேலைப்பளுவில் சிக்கினாலோ ஐந்து வாரம் எட்டாகும். கோடையும் அதற்குள் முடிந்திருக்கும். அப்போது கூடிப் பேச உட்கார்ந்தால், புதிதாகப் படித்தவர் உற்சாகமாக ஒரு காட்சியைச் சொல்ல, மற்றவர்கள் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பார்கள்.

இத்தனை குறை இருந்தும் இந்த முறையை எளிதில் தள்ளிவிட முடியவில்லை, ஏனென்றால் பலர் படித்த ஒரே பிரதி தருவதை வேறெந்த வழியும் தருவதில்லை. சுற்றுக்குப் போய்த் திரும்பிய பேப்பர்பேக் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். முதுகில் வெண்கோடுகளாக மடிப்புகள் விழுந்திருக்கும். மேசைமீது வைத்துக் கையை எடுத்தால், யாரோ இருமுறை படித்த காட்சியில் தானாகவே திறந்துகொள்ளும். வெயில் காப்புப் பசை பூசிய விரல் பட்ட இடத்தில் காகிதம் எண்ணெய் ஏறிக் கண்ணாடிபோல் ஆகி, மறுபக்கத்து எழுத்துகள் இடவலம் மாறித் தெரியும். பென்சில் குறிப்புகளும் இருந்துவிட்டால், இரண்டாம் வாசகருக்குக் கதையோடு முதல் வாசகரின் துணையும் கிடைக்கிறது. அம்மாவும் மகளும் சண்டையிடும் இடத்தில் ஒருவர் "அம்மா சொல்வதே சரி" என்று எழுத, அடுத்தவர் அதன் கீழே "இல்லவே இல்லை" என்று எழுத, மூன்றாமவர் இரண்டையும் படித்துவிட்டுச் சிரிப்பது என்பது கூட்டம் கூடாமலே நடக்கும் உரையாடல்.

ஆனால் இதற்குக் கட்டுப்பாடு வேண்டும். நாற்பதாம் பக்கத்தில் "இவனை நம்பாதீர்கள்" என்று எழுதிவைக்கும் கைக்குப் பென்சிலைக் கொடுக்கக் கூடாது. ஒரு பக்கத்தின் ஓரத்தில் எழுதுபவர் அந்தப் பக்கம் வரை நடந்ததைப் பற்றி மட்டுமே எழுத வேண்டும் என்ற ஒரே விதி போதும். அதை அட்டையின் உட்புறத்தில் முதலிலேயே எழுதிவிடுவது நல்லது. பேனாவும் மை ஊறும் மார்க்கரும் வேண்டாம். புத்தகத்தைப் புதிதுபோலப் பாதுகாக்கும் வழக்கமுள்ளவர் தம் பிரதியைச் சுற்றுக்கு விடாமல் இருப்பதே அனைவருக்கும் நிம்மதி, ஏனென்றால் கோடையில் புத்தகம் சேதமாவது உறுதி. பேப்பர்பேக்குகளின் முதுகில் பக்கங்களைப் பிடித்துவைத்திருப்பது பெரும்பாலும் சூடாக்கிப் பூசி ஆறவைத்த பசைதான். வெயிலில் நின்ற காரின் கண்ணாடியோரம் கிடந்தால் அது இளகும், இளகிய நிலையில் விரித்துப் பிடித்தால் பக்கங்கள் கொத்தாகக் கழன்று வரும்.

காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கப் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்து கண்ட தீர்வு ஒன்று உண்டு. 1842-இல் சார்லஸ் எட்வர்ட் மூடி தொடங்கிய சந்தா நூலகம் அக்காலத்து நாவல் வாசிப்பையே ஆட்டிவைத்தது. அன்றைய நாவல்கள் வழக்கமாக மூன்று தொகுதிகளாக வெளிவந்தன. ஒரு சமயத்தில் ஒரு தொகுதி மட்டும் எடுத்துச்செல்லும் சந்தாதாரர்களுக்கு இந்த அமைப்பு வசதியாகவும், நூலகத்துக்கு மிக ஆதாயமாகவும் இருந்தது, ஏனென்றால் ஒரே நாவலை ஒரே நேரத்தில் மூன்று வீடுகளில் படிக்க முடிந்தது. 1894-இல் பெரிய சந்தா நூலகங்களே இந்த வடிவத்துக்கு எதிராகத் திரும்பியபின் சில ஆண்டுகளில் அது மறைந்தது. இன்றும் ஒரு பேப்பர்பேக்கைக் கூரிய கத்தியால் மூன்றாக அறுத்து, ஒருவர் முதல் பகுதியை முடித்து அடுத்தவரிடம் தள்ளிக்கொண்டே போகலாம். புத்தகப் பிரியர்களிடம் இந்த யோசனையைச் சொன்னால் பலர் முகம் சுளிப்பார்கள் என்பது தெரியும். ஒரே வீட்டில் தங்கி விடுமுறையைக் கழிக்கும் மூன்று பேர் ஒரே பிரதியைத் தனித்தனியே படிக்க இதைவிட வேகமான வழி இல்லை என்பதும் உண்மை. பழைய மலிவுப் பிரதி கிடைத்தால் ஒருமுறை செய்து பார்க்கத் தகுந்ததுதான்.

அடுத்தது ஆளுக்கொரு பிரதி. தனித்தனியே படிக்கும் வழிகளுள் இடைவெளி என்ற அளவுகோலில் இதுவே முதலிடம் பெறுகிறது. எல்லோரும் ஒரே வாரத்தில் தொடங்கி ஒரே வாரத்தில் முடிக்கலாம். பலர் சேர்ந்து ஒரே புத்தகத்தைப் படிக்கும் எண்ணம் நகர அளவிலும் வெற்றி கண்டிருக்கிறது. 1998-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நூலகர் நான்சி பேர்ல் முன்னின்று, நகரமே ஒரு நாவலைப் படிக்கட்டும் என்று தொடங்கிய திட்டத்தைப் பின்னர் பல நகரங்கள் பின்பற்றின. எனினும் அத்தகைய திட்டங்களும் வாசகர் வட்டங்களும் பழக்கிவைத்துள்ள வாராந்தரப் பங்கீடு, அதாவது இந்த வாரம் ஐந்து அத்தியாயம், அடுத்த வாரம் இன்னும் ஐந்து என்று அளந்து கொடுப்பது, கோடை நாவலுக்குச் சிறிதும் ஒத்துவராது. இருபதாம் அத்தியாயம் கதவு தட்டும் சத்தத்தோடு முடியும்போது, ஏழு நாள் காத்திருங்கள் என்றால் யார் காத்திருப்பார்? பாதிப் பேர் முடிவுவரை படித்துவிட்டு, கூட்டத்தில் ஒன்றும் தெரியாதவர்போல் நடிப்பார்கள். நடிப்பவரின் ஒரு புன்னகையே மீதிப் பேருக்கு முடிச்சை அவிழ்த்துவிடும். பிரிக்கத்தான் வேண்டும் என்றால் ஒரே ஓர் இடத்தில், நாவலின் நடுவில், இரண்டு நாள் நிறுத்தம் போதும். யார் யாரோடு சேர்வார், யார் பொய் சொல்கிறார் என்று அந்த நிறுத்தத்தில் ஊகித்து எழுதிவைத்துக்கொண்டால், பின்னால் அதுவே பேச்சுக்கு நல்ல தொடக்கமாகும்.

முடிவு முன்கூட்டியே தெரிந்தால் சுவை கெடுமா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த ஜொனாதன் லெவிட்டும் நிக்கோலஸ் கிறிஸ்டன்ஃபெல்டும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், முடிவை முன்பே அறிந்து சிறுகதைகளைப் படித்தவர்கள் அவற்றைச் சற்று அதிகமாகவே ரசித்தனர். பின்வந்த வேறு சில ஆய்வுகள் அதற்கு மாறான முடிவைக் கண்டன. சோதனைக்கு எடுத்துக்கொண்டவை சிறுகதைகள் என்பதை மறக்கக் கூடாது. ஐந்து மணி நேரம் ஒருவரைக் கட்டிப்போடும் நாவலில் எதிர்பார்ப்பின் பங்கு பெரியது என்றே நான் நினைக்கிறேன். ஆகவே நண்பர்களுக்கிடையே முடிவை மூடிவைப்பதே மரியாதை.

ஆளுக்கொரு பிரதி முறையின் குறை, ஆறு பிரதிகள் வாங்கும் செலவோடு நிற்பதில்லை. மறுபடி படிக்கப்படாத ஆறு புத்தகங்கள் ஆறு அலமாரிகளில் இடம் பிடிக்கும் என்பதும் உண்டு. நூலகங்களில் பல பிரதிகள் இருந்தால் இந்தக் குறை நீங்கும். ஆனால் புதிதாக வந்து பேசப்படும் நாவலுக்கு நூலகத்திலும் வரிசை நிற்கும். ஆறு பேருக்கும் ஒரே வாரத்தில் பிரதி கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. சென்ற ஆண்டோ அதற்கு முன்னரோ வெளியான நாவலைத் தேர்ந்தெடுத்தால் இந்த நெருக்கடி வெகுவாகக் குறையும்.

மின்னூலைப் பொறுத்தவரை, பகிர்வதற்கு அதைப்போல எளிதானது எதுவுமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். நிலைமை ஏறக்குறைய நேர்மாறானது. அச்சுப் புத்தகத்தை வாங்கியவர் அந்தப் பிரதியை யாருக்கும் கொடுக்கலாம், இரவல் விடலாம், விற்கலாம். அமெரிக்கச் சட்டத்தில் முதல் விற்பனைக் கோட்பாடு என்று வழங்கும் இந்த உரிமையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1908-லேயே ஏற்றது. மின்னூலில் நாம் பொதுவாகப் பெறுவது படிப்பதற்கான உரிமம் மட்டுமே. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமும் 2019-இல், வாசித்து முடித்த மின்னூலைப் பழைய அச்சுப் புத்தகம்போல மறுவிற்பனை செய்ய அந்தக் கோட்பாடு இடம் தராது என்று தீர்ப்பளித்தது. அமேசான் 2010-இன் இறுதியில் கிண்டில் நூல்களுக்கு இரவல் வசதியைக் கொண்டுவந்தபோதும், பதிப்பாளர் அனுமதித்த நூலை மட்டும், ஒரே ஒரு முறை, பதினான்கு நாளுக்குத்தான் கொடுக்க முடிந்தது. ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பு நிறுவனம் 2011-இல் நூலகங்களுக்கு அளிக்கும் மின்னூல் இருபத்தாறு இரவல்களுக்குப் பின் காலாவதியாகும் என்று அறிவித்ததும், அச்சுப் பிரதிகள் அதைவிட அதிகமான கைகளைத் தாங்கும் என்று நூலகர்கள் கொதித்தெழுந்தனர்.

எனவே மின்னூல் என்றால், ஆளுக்கொரு பிரதி வாங்குவதற்கோ நூலகச் செயலியில் தனித்தனியே வரிசையில் நிற்பதற்கோ நிகரானது என்று வைத்துக்கொள்வதே சரி. தூர நாடுகளில் சிதறியிருக்கும் நண்பர்களுக்கு அதுவே போதும். அஞ்சலில் புத்தகம் போய்ச்சேரும் வாரங்கள் மிச்சமாகின்றன, எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளவும் முடிகிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: பிற வாசகர்கள் அதிகம் அடிக்கோடிட்ட வரிகளைக் காட்டும் வசதி கிண்டிலில் உண்டு. அதை முதலிலேயே அணைத்துவிடுங்கள். முன்பின் அறியாத ஆயிரம் பேர் எங்கே கண்கலங்கினார்கள் என்று தெரிந்துகொண்டே அந்தப் பக்கத்துக்குப் போவது, நண்பர் ஒருவரின் பென்சில் குறிப்பைக் காண்பதற்கு ஈடாகாது.

ஒலிநூலைத் தேர்வோர், தொழில்முறை வாசிப்பாளர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 155 சொற்கள் என்ற நிதானத்தில் போவதால், அதே நாவலுக்கு எட்டரை மணி நேரத்துக்கு மேல் ஒதுக்க வேண்டும். நீண்ட கார்ப் பயணத்தில் எல்லோரும் சேர்ந்து கேட்டால் அது முழுமையான பகிர்வு. தனித்தனியே கேட்டால் பேச்சில் ஓர் இடறல் வரும்: "அந்த வரி எங்கே வந்தது?" என்று கேட்டால் ஒலிநூலில் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. நேரத்தை மிச்சப்படுத்த வேகத்தைக் கூட்டுவோரும் இருக்கிறார்கள். நகைச்சுவை நிறைந்த நாவலை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினால் வசனத்துக்குப் பின் வரவேண்டிய அந்தச் சிறு மௌனம் காணாமல் போகும், சிரிப்பும் அதோடு போகும்.

உரக்க வாசிப்பதை இன்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பது எனக்கு வியப்பே. 1865-இல் ஹவானாவின் சுருட்டுத் தொழிற்சாலை ஒன்றில் தொடங்கிய வழக்கத்தில், தொழிலாளர்கள் சுருட்டு உருட்டிக்கொண்டிருக்க, அவர்களே தம் கூலியிலிருந்து பணம் சேர்த்து அமர்த்திய வாசிப்பாளர் மேடையில் அமர்ந்து செய்தித்தாளையும் நாவலையும் படித்தார். கைவேலையில் இருக்கும் பெருங்கூட்டம் ஒரே பிரதியை ஒரே கணத்தில் அனுபவித்தது. இடைவெளி சுழியம், செலவு ஒரு பிரதி, முடிவு யாருக்கும் முன்கூட்டித் தெரியாது என்று எல்லா அளவுகோலிலும் வெல்லும் ஒரே முறை இதுதான். உரையாடல் மிகுந்த இலகு நாவல் இதற்கென்றே எழுதியதுபோல் அமையும். பாத்திரங்களைப் பங்கிட்டுக்கொண்டால் கூச்ச சுபாவமுள்ளவரும் இரண்டாம் நாளில் குரலை மாற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். இடையூறு ஒன்றே: ஏழே கால் மணி நேரத்தை மாலைக்கு ஒன்றே கால் மணியாகப் பிரித்தாலும் ஆறு மாலைகள் அனைவரும் ஓரிடத்தில் இருக்க வேண்டும். ஒன்றாகத் தங்கும் விடுமுறைக்கு வெளியே இது நடக்காது.

படித்த புத்தகத்தை யாரேனும் எடுத்துப்போகட்டும் என்று பொது இடத்தில் விட்டுவிடும் வழக்கமும் இருக்கிறது. 2001-இல் தொடங்கிய புக்கிராஸிங் என்ற இணையதளம் அப்படி விடும் புத்தகத்துக்கு எண்ணிட்டுப் பின்தொடர வழி செய்தது. 2009-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் டாட் போல் தம் வீட்டு முன்றிலில் வைத்த சின்னப் பெட்டியிலிருந்து தெருவோர நூலகங்கள் உலகெங்கும் பரவின. நல்ல காரியம்தான், ஆனால் எடுத்துச் சென்றவரோடு பேச முடியாது என்பதால் நண்பர் வட்டத்துக்கு இது விடையாகாது. சுற்று முடிந்த பிரதியை என்ன செய்வது என்ற கேள்விக்கு வேண்டுமானால் விடையாகும்.

ஆக, இரண்டு அல்லது மூன்று பேர் மட்டும் என்றால் ஒரு பிரதியும் ஒரு பென்சிலும் போதும். வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. ஒரே கூரையின் கீழ் விடுமுறை என்றால் உரக்க வாசியுங்கள். கடல் கடந்து சிதறியவர்களுக்கு மின்னூல். ஒரே ஊரில், தத்தம் வேலைகளோடு, ஐந்தாறு பேர் என்ற மிக வழக்கமான நிலைக்கு நான் பரிந்துரைப்பது இரண்டு பிரதிகள். ஒவ்வொன்றும் மும்மூன்று பேரிடம், ஆளுக்கு ஐந்து நாள் என்று போனால், பதினைந்து நாளில் அனைவரும் முடித்துவிடலாம். முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் இடைவெளி பத்து நாள்தான், அதற்குள் கதை ஆறிப்போகாது. வேகமாகப் படிப்பவரை முதலிலும், தள்ளிப்போடும் பழக்கமுள்ளவரை நடுவிலும் வைக்க வேண்டும். நடுவிலிருப்பவரை அடுத்தவர் நச்சரித்துக்கொண்டே இருப்பார். கடைசியில் வைத்தால் கேட்க ஆளில்லை. முதல் பிரதி கைமாறும் முன்பே பதினாறாம் நாளுக்குக் கூட்டத்தைக் குறித்து அனைவரிடமும் ஒப்புதல் வாங்கிவிட வேண்டும். அன்று பேச்சைத் தொடங்கும் முன் இரு குழுவினரும் பிரதிகளை மாற்றிக்கொண்டு, தாங்கள் கோடிடாத இடங்களில் மற்ற மூவர் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கால் மணி நேரம் புரட்டிப் பார்க்கட்டும்.